ஆகாயத்தில் துண்டு போட்டேன்!

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடித்துவிடுவார்கள். கூட்டத்தில் இடிபட்டு உள்ளே ஏறிப் பார்த்தால் எல்லா சீட்டிலும் ஒரு துண்டு, ஒரு மஞ்சப்பை, ஒரு குடை உட்கார்ந்திருக்கும். ஆள் இருக்கமாட்டார். "ஆள் வராங்க" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். இடுப்பில் குழந்தையோடு நிற்கிற பெண்கள் நின்றபடியே வரவேண்டியதுதான்.

இந்தத் துண்டுக்காரர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட நானே ஆகாய விமானத்தில் ஏறித் துண்டு போட்டேன் என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே? அதுவும் ஒரு கைக்குழந்தைக்காரியின் இடத்தில்! வெட்கத்தை விட்டு அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் தம்பி சிங்கப்பூரில் விமானம் பழுது பார்க்கும் பட்டறையில் டெக்னீஷியனாக இருக்கிறான். 2025 ஆகஸ்டில் அவன் மனைவிக்குப் பிரசவம். அவள் அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் போக முடியவில்லை. எங்கள் அம்மாவும் இல்லை. "அக்கா, நீ வந்தால்தான் உண்டு" என்று தம்பி போனில் சொன்னபோது மறுக்க மனசு வரவில்லை. ஆடி கழியட்டும் என்று காத்திருந்து, ஆவணி பிறந்ததும் புறப்பட்டேன். எனக்கு நாற்பத்தாறு வயசாகிறது. ப்ளஸ் டூ வரை படித்திருக்கிறேன். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி, அதற்கு முன் ஏறியதில்லை.

பிள்ளை பெற்றவளுக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாதா? சுக்கு, மிளகு, திப்பிலி, பிரசவ லேகியம், நல்லெண்ணெய், பூண்டு, காய வைத்த சுண்டைக்காய் என்று பெரிய பெட்டி நிரம்பிவிட்டது. கசகசா ஒரு பொட்டலம் கட்டி வைத்திருந்தேன். தம்பி போனிலேயே அலறினான். சிங்கப்பூருக்குள் கசகசா கொண்டுவரக் கூடாதாம். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். நல்லவேளை, எடுத்து வைத்துவிட்டேன்.

குழந்தைக்காக என் மாமனாரின் பழைய வேட்டிகளைக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, சதுரம் சதுரமாக மடித்து இருபது துணி எடுத்துக்கொண்டேன். எத்தனை டயபர் வந்தாலும் பச்சைக் குழந்தையின் தோலுக்குப் பழைய வேட்டி மாதிரி ஆகுமா? இது பெரிய பெட்டியில் அடங்கவில்லை. அதனால் கையோடு கொண்டுபோகிற பச்சை நிற ட்ராலி பெட்டியில் வைத்தேன். அது தவிர முறுக்கும் அதிரசமும் வைத்த டப்பா ஒரு துணிப்பையில். தோளில் மாட்டிக்கொள்ளும் கைப்பை ஒன்று. விமானத்தில் குளிரும் என்று சொன்னார்களே என்று ஒரு சால்வை.

ஒருவருக்கு ஒரே கைப்பெட்டிதான், பெண்களின் கைப்பை மட்டும் தனிக் கணக்கு என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்த பையன் சொல்லியிருந்தான். அப்படியானால் என் துணிப்பை கணக்கில் வராதது. அதன் மேல் சால்வையைப் போட்டு மூடிக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. ரொம்ப சாமர்த்தியம் செய்துவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு.

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகக் காரில் திருச்சி விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். 2024 ஜனவரியில் திறந்து வைத்த புது முனையம். ஸ்ரீரங்கத்தை ஞாபகப்படுத்துகிற வண்ணங்களும் கோலங்களுமாகக் கல்யாண வீடு மாதிரி இருந்தது. இவர் வாசலோடு நின்றுகொண்டார். உள்ளே போனபிறகு திரும்பிப் பார்த்தால், கண்ணாடிக்கு வெளியே இன்னும் கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறார்.

இராத்திரி விமானம். இந்தப் பக்கம் மூன்று சீட்டு, அந்தப் பக்கம் மூன்று சீட்டு, நடுவில் ஒரு ஆள் நடக்கிற வழி. 180 பேருக்கு மேல் ஏறுகிற விமானம். என் சீட்டு இருபத்திரண்டாவது வரிசையில் நடு சீட்டு. பெட்டியை இழுத்துக்கொண்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்த தம்பி ஒருவர், மன்னார்குடிப் பக்கமாம், வருஷத்துக்கு இரண்டு தடவை போய் வருகிறவர், "அக்கா, பின்னால போயி இடம் தேடாதீங்க. இங்கனயே முன்னாடி வச்சிட்டுப் போயிடுங்க. இறங்கறப்ப போற வழியில எடுத்துக்கலாம்" என்றார்.

எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. ஐந்தாவது வரிசைக்கு மேலே இருந்த தட்டில் அவரே பெட்டியைத் தூக்கி, படுக்கப்போட்டு வைத்தார். அதன் பக்கத்தில் நான் துணிப்பையை வைத்தேன். டப்பா நசுங்கக் கூடாதே என்று சுற்றிலும் சால்வையை அணைவாக வைத்தேன். கையை வீசிக்கொண்டு போய் என் இடத்தில் உட்கார்ந்தபோது எனக்கிருந்த பெருமையை என்ன சொல்ல!

எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று நினைத்தபோது கடைசியாக ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கலாம். தோளில் ஐந்து, ஆறு மாதக் குழந்தை. கையில் ஒரு பெட்டி. துணைக்கு யாரும் இல்லை. அவளுடைய சீட்டு ஐந்தாவது வரிசையில்.

விமானப் பணிப்பெண் வந்து மேல்தட்டைத் திறந்தாள். இடமில்லை. அடுத்த தட்டைத் திறந்தாள். அதுவும் நிரம்பியிருந்தது. மறுபடி முதல் தட்டுக்கே வந்து, முதலில் இங்கிலீஷிலும் பிறகு தமிழிலும் கேட்டாள்: "இந்தப் பச்சைப் பெட்டி யாரோடது? இந்தத் துணிப்பை யாரோடது?"

இருபத்திரண்டாவது வரிசை வரைக்கும் அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது. பாதி எழுந்தேன். மூன்றாவது பை எப்படி வந்தது என்று கேட்பாளோ, முறுக்கு டப்பாவை வாங்கிக்கொள்வாளோ, இத்தனை பேர் நடுவில் பேச்சு வாங்க வேண்டுமோ என்று ஒரு பயம். மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். அவள் இரண்டாம் தடவையும் கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஜன்னல் சீட்டில் இருந்த பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். என் மடியில் பெட்டி இல்லை என்பதை அவர் கவனித்திருக்க வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கதவைச் சாத்தும் நேரம் ஆகிவிட்டது. அந்தப் பெண்ணின் பெட்டிக்கு ஒரு சீட்டுக் கட்டி, கீழே சரக்கு வைக்கிற இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பால் பாட்டில், பால் பவுடர், ஒரு துண்டு என்று அவசரத்தில் கைக்கு அகப்பட்டதை அவள் உருவி எடுத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

விமானம் மேலே போய் ஒரு மணி நேரம் இருக்கும். விளக்கையெல்லாம் மங்கலாக்கிவிட்டார்கள். குழந்தை அழ ஆரம்பித்தது. பசிக்கு அழுவதா, காது வலிக்கு அழுவதா, ஈரத்துக்கு அழுவதா என்று இரண்டு பிள்ளை வளர்த்த நமக்குத் தெரியாதா? இது ஈரத்துக்கு அழுகிற அழுகை. நிற்கவேயில்லை. முன்னால் யாரோ "ச்ச்" என்று உச்சுக்கொட்டினார்கள்.

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து முன்னால் போனேன். குழந்தை இடுப்புக்குக் கீழே நனைந்து, அந்தப் பெண்ணின் சுடிதாரும் நனைந்து கிடந்தது. பணிப்பெண் காகிதக் கைக்குட்டை ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தாள். டயபர் அவர்களிடம் இல்லை.

"கைப்பையில ஒண்ணே ஒண்ணுதான் வச்சிருந்தேன் அக்கா. ஏறுறதுக்கு முன்னாடி அதையும் மாத்திட்டேன். அதனாலதான் லேட்டாயிடுச்சு. மிச்சமெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள. மாத்துத் துணியும் அதுலதான்" என்றாள். அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள். வேலைக்குப் போன கணவரிடம் முதல் தடவையாகக் குழந்தையைக் காட்டப் போகிறாளாம்.

நான் ஒன்றும் பேசாமல் அவள் தலைக்கு மேலிருந்த தட்டைத் திறந்தேன். கை நடுங்கியது. பச்சைப் பெட்டியை இழுத்தேன்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். "அது உங்க பெட்டியா அக்கா?"

"ஆமாம்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பெட்டியைத் திறந்து வேட்டித் துணி ஐந்தை எடுத்தேன். முன்னால் இருந்த டாய்லெட்டில் குழந்தையைக் கிடத்த ஒரு சிறிய பலகை சுவரோடு மடக்கி வைத்திருக்கிறார்கள். இருவர் சேர்ந்து நிற்க இடம் கிடையாது. அவள் உள்ளே துடைக்க, நான் கதவருகில் நின்று துணியை மடித்து மடித்துக் கொடுத்தேன். நாலாக மடித்ததை இடுப்பில் முடிந்து, இன்னொன்றில் குழந்தையைச் சுற்றிக் கொண்டுவந்தாள். பழைய வேட்டியின் மெத்தென்ற சுகத்தில் அது விசும்பலை நிறுத்திவிட்டது.

திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. "கேட்டப்பவே சொல்லியிருந்தா போதுமே அக்கா" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "இவனைச் செத்த பிடிங்க, கை கழுவிட்டு வரேன்" என்று பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். 

அவள் வந்தபிறகு துணிப்பையையும் சால்வையையும் எடுத்துக்கொண்டேன். பையை என் சீட்டுக்கு முன்னால் காலடியில் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. இதை முதலிலேயே செய்திருக்கலாம்! இப்போது ஐந்தாவது வரிசையில் மேலே தாராளமாக இடம் இருந்தது. வைப்பதற்குத்தான் அவள் பெட்டி இல்லை.

சிங்கப்பூரில் இறங்கி, பெட்டிகள் சுற்றி வருகிற இடத்தில் அவள் பெட்டி வரும்வரை கூடவே நின்றேன். குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே அவள் கணவர் கையில் ஒரு பலூனோடு நின்றார். ஐந்து துணியையும் அவளையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். தம்பி மகனுக்குப் பதினைந்துதான் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அந்த ஒரு மாதமும் பூண்டுக் குழம்பும் சுண்டைக்காய் வற்றலும் செய்துகொண்டிருந்தபோது, தம்பியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "அந்தத் தட்டைக் கழற்றி மாட்டுவதும் எங்கள் வேலைதான்" என்று விவரமாகச் சொன்னான். தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள் என்பதால் உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்தக் காலத்து விமானங்களில் தலைக்கு மேலே மூடியே கிடையாதாம். ரயிலில் இருப்பது போலத் திறந்த தட்டுதான். தொப்பி, கோட்டு, தலையணை வைப்பதற்கு. பெட்டியெல்லாம் கீழே போய்விடும். 1970-ல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 747 ஜம்போ விமானத்தோடுதான் மூடி போட்ட தட்டுகள் பரவின. பிறகு சக்கரம் வைத்த பெட்டிகள் வந்தன. கீழே போடுகிற பெட்டிக்குக் காசு வாங்க ஆரம்பித்தார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2008-ல் முதல் பெட்டிக்கே 15 டாலர் என்று வைத்தது. எல்லோரும் பெட்டியை மேலேயே கொண்டுவரத் தொடங்கிவிட்டார்கள். தொப்பிக்கு என்று வைத்த இடத்தில் வீட்டையே ஏற்றப் பார்க்கிறோம்.

737 ரக விமானங்களில் பழைய அமைப்பில் ஒரு தட்டுக்கு 4 ட்ராலி பெட்டிதான் பிடிக்குமாம். 2015-ல் வந்த புது அமைப்பில் 6 பிடிக்கும். அதுவும் எப்படி? அலமாரியில் புஸ்தகம் அடுக்குவது போலப் பெட்டியை ஒருக்களித்து நிறுத்தினால்தான். படுக்கப்போட்டால் அந்தக் கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். என் பச்சைப் பெட்டியைப் படுக்கப்போட்டு, பக்கத்தில் முறுக்கு டப்பாவுக்கு மெத்தையும் போட்டேனே, அந்த இடத்தில் நியாயமாக அந்தப் பெண்ணின் பெட்டி நின்றிருக்கும்.

இன்னொன்றும் சொன்னான். முதல் வரிசைக்காரர்களுக்கும் அவசர வழிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் காலடியில் எதையும் வைக்க அனுமதி இல்லை. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அவர்களுடைய சிறு பைகூட மேலேதான் போகவேண்டும். அவர்கள் தலைக்கு மேலே நாம் அடைத்துவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? சில தட்டுகளில் ஆக்ஸிஜன் சிலிண்டர் போன்ற அவசரச் சாமான்கள் இருக்கும். "இது காலியாத்தானே இருக்கு, ஏன் மூடி வச்சிருக்காங்க" என்று அதைத் திறந்து நம் பெட்டியைத் திணிக்கக் கூடாது.

மறுபடி செப்டம்பரில் ஊர் திரும்பினேன். இந்தத் தடவை துணிப்பை கிடையாது. பெட்டியை என் வரிசைக்கு மேலேயே, சக்கரம் உள்பக்கம் இருக்க, ஒருக்களித்து வைத்தேன். எனக்குப் பின்னால் வந்த ஒரு வயதான அம்மா பெட்டியைத் தூக்கமுடியாமல் நின்றார். நானும் பக்கத்து சீட்டுப் பையனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினோம். மேலே கிடந்த ஒரு பையை நகர்த்த வேண்டியிருந்தது. "இது யாரோடதுங்க? கொஞ்சம் தள்ளி வைக்கலாமா?" என்று கேட்டேன். மூன்று வரிசை தள்ளி ஒருவர் உடனே கையைத் தூக்கி, "என்னோடதுதான், தாராளமா தள்ளுங்க" என்றார். இவ்வளவுதான் விஷயம். அன்றைக்கு நான் கையைத் தூக்கியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

பிள்ளைகளைப் பார்க்க, பேரக்குழந்தை பார்க்க என்று நம் வீட்டுப் பெண்கள் தனியாக விமானம் ஏறுகிற காலம் இது. ஆகவே நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. ஒரு ஆளுக்கு மேலே ஒரு பெட்டி. இரண்டாவது சாமான் முன் சீட்டுக்கு அடியில், நம் காலடியில். பல விமானக் கம்பெனிகளில் கைப்பெட்டிக்கு 7 கிலோதான் கணக்கு. வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். நம் நாட்டு விமான நிலையங்களில் ஒருவருக்கு ஒரே கைப்பெட்டி என்பதை 2022 ஜனவரியில் மறுபடி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். பெண்களின் கைப்பையும், வழியில் குழந்தைக்கு வேண்டிய பாலும் அதில் சேராது.

2. பெட்டியை உங்கள் வரிசைக்கு நேர் மேலே வையுங்கள். போகிற வழியில் முன்னால் காலியாக இருக்கிறதே என்று வைக்காதீர்கள். அது அடுத்து வரப்போகிறவரின் இடம். உங்கள் இடம் நிரம்பியிருந்தால் பணிப்பெண்ணைக் கேளுங்கள். எங்கே இடம் இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

3. கைப்பை, சால்வை, கடையில் வாங்கிய சிறு பை இவற்றை முதலில் மேலே பரப்பாதீர்கள். எல்லோரும் பெட்டி வைத்து முடித்தபிறகு இடம் மிஞ்சினால் வைத்துக்கொள்ளலாம்.

4. பிறர் சாமானை நகர்த்துமுன் கேளுங்கள். அதன்மேல் கனத்தை ஏற்றாதீர்கள். ஒரு பையில் கண்ணாடிப் பாட்டில் இருக்கும், ஒரு பையில் சாமி படம் இருக்கும். உங்கள் பெட்டியை நகர்த்தலாமா என்று கேட்டால், கூச்சப்படாமல் கையைத் தூக்குங்கள்.

5. நாமே தூக்கி வைக்கக்கூடிய கனம்தான் கொண்டுபோக வேண்டும். பணிப்பெண்கள் நாள் முழுக்க எத்தனை பெட்டிதான் தூக்குவார்கள்? முடியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் உதவி கேட்பதில் தப்பில்லை. கர்ப்பிணிகளும், வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களும் தூக்கவே வேண்டாம்.

6. கைக்குழந்தைக்காரர்கள் காலடியில் வைக்க ஒரு சிறு பை தனியாகக் கட்டிக்கொள்ளுங்கள். பிரயாண நேரத்துக்கு வேண்டியதைவிட இரண்டு டயபர் கூடுதலாக, இரண்டு மாற்று உடுப்பு, உங்களுக்கு ஒரு மாற்று மேல்சட்டை, மெல்லிய துணி நாலு, பால், மருந்து, அழுக்குத் துணி போட ஒரு பிளாஸ்டிக் கவர். இந்தப் பை உங்கள் கையை விட்டு எங்கும் போகக் கூடாது. குழந்தைக்கென்று எத்தனை கிலோ அனுமதி என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு வையுங்கள்.

7. கைப்பெட்டியைக் கீழே அனுப்ப நேர்ந்தால் பதற்றப்படாதீர்கள். ஒரு நிமிஷம் கேட்டு வாங்கிக்கொண்டு மருந்து, பாஸ்போர்ட், பணம், நகை, வீட்டுச் சாவி, குழந்தை சாமான், செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

8. இந்தப் பவர் பேங்க் சரக்கில் போகவே கூடாது. மேல்தட்டிலும் வைக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பது நல்லது. 2025 ஜனவரி 28-ல் தென் கொரியாவின் பூசான் விமான நிலையத்தில் புறப்படத் தயாராக நின்ற விமானத்தில், பின்பக்கத்து மேல்தட்டிலிருந்து தீ கிளம்பியது. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். உள்ளே இருந்த 176 பேரும் தப்பிவிட்டார்கள். அந்த மார்ச் மாதத்திலிருந்தே மேல்தட்டில் பவர் பேங்க் வைப்பதை அந்த நாட்டில் தடை செய்துவிட்டார்கள். கண்ணெதிரே இருந்தால் சூடாவது தெரியும், மூடிய தட்டுக்குள் யாருக்குத் தெரியும்?

9. தட்டைத் திறக்கும்போது ஒரு கையை அண்டக் கொடுத்து மெதுவாகத் திறங்கள். பறக்கும்போது உள்ளே சாமான்கள் உருண்டிருக்கும். கீழே உட்கார்ந்திருப்பவர் தலையில் விழுந்தால் என்ன ஆகும்! மாத்திரை, கண்ணாடி, புஸ்தகம் போன்ற அடிக்கடி வேண்டியவற்றை உட்காரும்போதே கையில் எடுத்துக்கொண்டால் பிறரை எழுப்ப வேண்டியிராது.

10. விமானம் நின்றதும் எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்து கழுத்தை வளைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கதவு திறக்காமல் யார் எங்கே போகமுடியும்? முன் வரிசைக்காரர் இறங்கட்டும், அப்புறம் நாம்.

பத்தோடு பதினொன்றாக ஒன்று. ஆபத்துக் காலத்தில் எல்லோரும் இறங்கச் சொன்னால் மேலே இருக்கிற பெட்டியை மறந்துவிடவேண்டும். பாதி வழிகளை மட்டும் திறந்து, உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் 90 விநாடிக்குள் வெளியேற முடிகிறதா என்று பார்த்துத்தான் ஒரு விமானத்துக்கு அனுமதி கொடுக்கிறார்களாம். அந்தக் கணக்கில் பெட்டி எடுக்க நேரம் சேர்க்கவில்லை. 2024 ஜனவரி 2-ல் டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், கடலோரக் காவல் படை விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. அந்தச் சிறிய விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்துபோனார்கள். ஆனால் பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் பிழைத்தார்கள். பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு, சொன்னபடி கேட்டு இறங்கினார்கள். பிறகு விமானம் முழுசும் எரிந்துபோயிற்று. என்ன உசத்தியான பட்டுப்புடவை இருந்தால்தான் என்ன, அதை எடுக்க நான் நின்றால் எனக்குப் பின்னால் குழந்தையோடு நிற்கிறவள் கதி?

ஊருக்கு வந்து ஒரு வாரம் கழித்து சுவாமிமலைக்குப் போகலாம் என்று இவரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நல்ல கூட்டம். பஸ் வந்து நிற்பதற்குள் இவர் தோளில் இருந்த துண்டை எடுத்து ஜன்னல் வழியாக வீசிவிட்டார். "உனக்குத்தான் இடம் பிடிச்சேன். பிரயாணம் பண்ணின அசதி இருக்குமே" என்று என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

உள்ளே ஏறிப் பார்த்தேன். துண்டு கிடந்த சீட்டுக்குப் பக்கத்தில், இடுப்பில் பிள்ளையும் தோளில் பையுமாக ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துண்டைப் பார்த்துவிட்டு, யாரோ வருவார்கள் என்று ஒதுங்கி நின்றாள்.

"இது எங்க துண்டுதாம்மா. நீ உட்காரு" என்று எடுத்து மடித்து இவர் தோளிலேயே போட்டேன். இவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். சுவாமிமலை வரைக்கும் இரண்டு பேரும் நின்றுகொண்டுதான் போனோம்.